தரைக்கு அடியில் தலைவலி

தோட்டத்துக்காகப் புதைத்த குழாய்களின் மேல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டது நகர இந்தியா. இப்போது அந்தக் குழாய்களுக்கு வயதாகிவிட்டது.

கோடை தொடங்கிவிட்டால் சண்டிகர் மாநகராட்சி ஊழியர்கள் காலை வேளையில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், முற்றத்தைக் கழுவுபவர், காரைக் குளிப்பாட்டுபவர் – யார் கையில் ரப்பர் குழாய் இருந்தாலும் அபராதம்தான். பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கோ கார் கழுவவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தரைக்கு மேலே ஓடும் தண்ணீரைப் பிடிப்பது சுலபம். அதே வீடுகளில் கான்கிரீட்டின் மறைவில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு எந்த ஊழியராலும் ரசீது கிழிக்க முடியாது. பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே தெரியாத ஓட்டம் அது.

இதன் கதை எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தில்லியின் காலனிகள், சண்டிகரின் செக்டர்கள், பெங்களூரின் லேஅவுட்டுகள், போபாலிலும் ஜாம்ஷெட்பூரிலும் உள்ள குடியிருப்புகள் – 50, 60 ஆண்டுகளுக்கு முன் இங்கெல்லாம் வீடு கட்டியவர்கள் முன்னால் ஒரு புல்வெளி, பின்னால் நாலு மரம் என்று இடம் விட்டார்கள். மதில் ஓரமாக ஓரடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினார்கள். அன்று அது போதும். மேலே நடப்பது தோட்டக்காரர் மட்டும்தான்.

பிறகு ஸ்கூட்டர் போய்க் கார் வந்தது. ஒரு கார் இரண்டானது. மழைக்காலச் சேறு பிடிக்கவில்லை, பாம்பு பயம், கல்யாணத்துக்குப் பந்தல் போட வசதி – ஏதோ ஒரு காரணத்துக்காகப் புல்வெளியின் மேல் நாலு அங்குல கான்கிரீட் ஏறியது. அடியில் கிடக்கும் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்ணீர்தான் வருகிறதே, எதற்கு வீண் செலவு?

இரும்புக் குழாயின் மேல் கான்கிரீட் போட்டால் அதற்குப் பாதுகாப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதற்குள் முழுதாகப் புதைந்த இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் கட்டிடங்களில் கம்பி வைத்துக் கட்டுகிறோம். ஆனால் ஒரே குழாயின் ஒரு பகுதி கான்கிரீட்டிலும் மறு பகுதி ஈர மண்ணிலும் இருந்தால் கதை மாறுகிறது. இரண்டு பகுதிகளும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடுகின்றன. கான்கிரீட்டில் இருக்கும் பகுதி சுகமாக இருக்க, அதற்கும் சேர்த்து மண்ணில் இருக்கும் பகுதி அரிக்கப்படுகிறது. எனவே குழாய் ஓட்டையாவது தளத்தின் நடுவில் அல்ல. அது கான்கிரீட்டை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலும். அனுபவமுள்ள பிளம்பர்கள் முதலில் தளத்தின் விளிம்பில் தோண்டிப் பார்ப்பது இதனால்தான். அவர்கள் மின்வேதியியல் படித்தவர்கள் அல்ல, கை படித்திருக்கிறது.

தளத்துக்கு அடியில் எதைப் போட்டு நிரப்பினார்கள் என்பதும் முக்கியம். நிலக்கரிச் சாம்பலும் உடைந்த செங்கல்லும் கொட்டி மட்டம் செய்த முற்றங்களில் இரும்பு வேகமாகக் கெடும். உப்புத் தண்ணீர் ஊரானால் உள்ளிருந்தும் அரிப்பு உண்டு. இந்தூர், நாக்பூர் போன்ற கரிசல் மண் ஊர்களில் வேறு தொல்லை. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. ஆண்டுக்கு ஒருமுறை குழாயை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறது. அதில் முதலில் விட்டுப்போவது இணைப்புகள்தான்.

சின்ன ஓட்டைதானே என்று விட்டுவிடக்கூடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே, 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதன் வழியே மணிக்கு 70 லிட்டருக்குக் குறையாமல் வெளியேறும். நாளொன்றுக்கு சுமார் 1,700 லிட்டர். மண் இறுக்கிப் பிடித்திருந்தால் கொஞ்சம் குறையலாம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. ஒரு பென்சில் முனை துளை 12 பேரின் தண்ணீரைக் குடிக்கிறது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் நகரங்களில் தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வரும்போது குழாயில் அழுத்தம். கசிவு வெளியே போகிறது. நின்ற பிறகு குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம். வெளியே தேங்கிய நீர் அதே துளை வழியே உள்ளே வருகிறது. தோட்டக் குழாய் வீட்டின் குடிநீர் இணைப்பிலிருந்து பிரிந்து போயிருந்தால் – பழைய வீடுகளில் அப்படித்தான் – அந்த அழுக்கு அடுத்த நாள் காலை முதலில் எட்டிப் பார்ப்பது சமையலறையில். கழிவுநீர்க் குழாயும் அதே மதில் ஓரமாகவே போகிறது என்பதை நினைத்துக்கொண்டால், தோட்டக் குழாயின் துளை தோட்டத்தின் பிரச்சினை மட்டுமல்ல என்பது புரியும்.

சண்டிகரில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. அங்கே ஒரு கனால் – அந்த ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 500 சதுர கஜம் – அதற்கு மேற்பட்ட மனைகளின் புல்வெளிகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் தரும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல யோசனை. குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுவது பாவம்தான். ஆனால் ஒரே முற்றத்துக்கு அடியில் இரண்டு விதத் தண்ணீர் ஓடும்போது, எந்தக் குழாய் எது என்று தெரியாத ஒரு மிஸ்திரி தவறான இடத்தில் ஒரு ‘டீ’யைப் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய குழாயை மாற்றும்போது இரண்டையும் வேறு வேறு நிறத்தில் போடுவது அழகுக்காக அல்ல.

கசிகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கருவிகள் தேவையில்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் தொட்டியை நிரப்பி, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். காலையில் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. அடுத்த இரவு தோட்டத்துக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்போது இறங்கவில்லை என்றால் குற்றவாளி தோட்டக் குழாய்தான். நேரடி இணைப்பானால் மீட்டரைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் மூடிய பிறகும் அதிலுள்ள சின்னச் சக்கரம் சுற்றினால் சந்தேகமே இல்லை. இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் பழைய வித்தை இன்றும் பலிக்கிறது – தெருவில் ஆட்டோ ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்தால்.

மேற்கு தில்லியில் நான் மாடியில் குடியிருந்த வீடு ஒன்று. கட்டியது 1970களின் தொடக்கத்தில். கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். காலனி முழுக்க அவரை ஆன்ட்டி என்றே அழைக்கும். பக்கத்து வீட்டாரோடு பொதுவான மதில் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் முதலில் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 30 ஆண்டுப் பழக்கம், ஒரு சுவரால் போயிற்று. ஆன்ட்டி குளியலறையைச் சந்தேகப்பட்டு டைல்ஸை மாற்றினார், சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தார். இரண்டு மழைக்காலம் போயும் ஈரம் போகவில்லை. தொட்டியில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் மறைந்த கணவர் எப்போதோ போட்ட தோட்டக் குழாய் நினைவுக்கு வந்தது. அது எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கூப்பிட்டு வந்த முதல் ஒப்பந்தக்காரர் முற்றம் முழுவதையும் உடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார். ஆன்ட்டி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

உண்மையில் முற்றத்தை உடைப்பது கடைசி வழி. முதல் கேள்வி, அதே வழியில்தான் குழாய் போக வேண்டுமா என்பது. பழையதை மூலத்திலேயே துண்டித்து, அடைப்பான் போட்டு, அப்படியே மண்ணுக்குள் கிடக்க விட்டுவிடலாம். புதுக் குழாயை மதில் மேலோ சுவர் ஓரத்திலோ கிளாம்ப் அடித்துக் கொண்டு போகலாம். கண்ணுக்குத் தெரியும், அழகில்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதுதான் அதன் பெரிய லாபம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சாதாரண பி.வி.சி. குழாய் வட இந்திய வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கிப்போகும். வெளியே ஓடுவதானால் பெயிண்ட் அடிக்க வேண்டும், அல்லது வெயில் தாங்கும் கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் போட வேண்டும்.

சுற்றி வர முடியாத இடங்கள் உண்டு. வாசலிலிருந்து கார் நிற்கும் தளத்தைக் கடந்தே தீர வேண்டும் என்றால் மூன்று நான்கு தந்திரங்கள் இருக்கின்றன. பழைய குழாய் அகலமானதாகவும் நேராகவும் இருந்தால் அதையே உறையாக வைத்துக்கொண்டு, உள்ளே 16 அல்லது 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை நுழைத்து விடலாம். நடுவில் ஓர் ‘எல்போ’ இருந்தாலும் நடக்காது. துருக்கட்டிகள் உள்ளே தடுக்கலாம். முதலில் கம்பி விட்டுக் குடைய வேண்டும். இதில் ஒரு விலையும் உண்டு. குழாயின் உள் அகலம் பாதியானால் வரும் தண்ணீர் பாதியாவதில்லை, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. ரப்பர் குழாய் பிடித்துப் புல்வெளியை நனைக்க அது போதாது. சொட்டுநீருக்குப் போதும்: மணிக்கு 4 லிட்டர் சொட்டும் முனைகள் 25 வைத்தாலும் மொத்தம் 100 லிட்டர்தான். புல்வெளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. (தில்லி வெயிலில் புல்வெளி வளர்ப்பது துரைமார்கள் விட்டுப்போன பழக்கம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.)

இரண்டாவது, பழையதை இழுத்து எடுப்பது. ஜி.ஐ. குழாய் வழக்கமாக 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. கார் தளத்தின் அகலம் 3 மீட்டர் என்றால் நடுவில் இணைப்பு இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. இரு பக்கமும் குழி தோண்டி, குழாயை அறுத்து, ஒரு முனையில் செயின் புல்லி மாட்டி, மறுமுனையில் புதுக் குழாயைக் கட்டி இழுத்தால் பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும். குழாய் மண்ணில் இருந்தால்தான் இது நடக்கும். கான்கிரீட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் யானையைக் கட்டினாலும் வராது.

மூன்றாவது, தளத்துக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாதை செய்வது. ஒரு நீளக் குழாயின் பின்முனையில் ரப்பர் குழாயை இணைத்துத் தண்ணீரைத் திறந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போவார்கள். கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணுக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது. ஹைதராபாத்தின் பாறையிடம் இந்த ஜம்பம் சாயாது. நடைபாதை அகலத்துக்கு மட்டுமே இது நல்லது. அகலமான தளத்துக்கு அடியில் அதிகம் மண்ணைக் கரைத்துவிட்டால் கார் ஏறும்போது தளம் உட்காரும். சுவரின் அஸ்திவாரத்துக்கு அருகில் இதைச் செய்ய நினைக்கவே கூடாது.

இவை எதுவும் ஒத்துவராதபோது வெட்டத்தான் வேண்டும். அப்போதும் சம்மட்டி கொண்டு உடைப்பது மூடத்தனம். விரிசல் வேண்டாத திசையெல்லாம் ஓடும். வைரப்பல் பிளேடு மாட்டிய கட்டரால் இரண்டு நேர்கோடு வெட்டி, நடுவிலுள்ள பட்டையை மட்டும் எடுப்பதுதான் முறை. வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். உலர வெட்டினால் எழும் வெள்ளைப் புழுதியில் இருப்பது சிலிக்கா. அதை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பவர்களுக்கு வரும் சிலிக்காசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது. முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கும் பையனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஊற்ற ஓர் ஆளும் கொடுப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய காரியம். பழைய குழாய் இரும்பாக இல்லாமல் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் அதன்மேல் கட்டரை வைக்கவே கூடாது. மண்ணோடு மண்ணாகக் கிடக்க விடுவதே உத்தமம்.

தோண்டுமுன் அடியில் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் அவசியம். குழாய் வழிச் சமையல் வாயு வந்த பிறகு நகரங்களின் வாசல்களில் மஞ்சள் குழாய் ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மின்கேபிள் வேறு. சாலைகளைத் தோண்டும் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று முன்கூட்டித் தகவல் சொல்வதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செல்போன் செயலியைத் தொடங்கியது. வீட்டு மதிலுக்கு உள்ளே நடக்கும் தோண்டலுக்கு அப்படி எதுவும் இல்லை. மஞ்சள் குழாய் எந்தப் பக்கம் நுழைகிறது, மீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஓரடிக்கு மேல் கடப்பாரையை விட்டுவிட்டுக் கையால் தோண்ட வேண்டியதுதான்.

ஆன்ட்டி வீட்டில் இரண்டாவதாக வந்த பிளம்பர் வயதானவர். தளத்தின் விளிம்பில் ஒரே ஒரு குழி தோண்டினார். கான்கிரீட்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் குழாய் காகிதமாகியிருந்தது. கட்டைவிரல் வைத்து அழுத்தியதும் உள்ளே போயிற்று. தெருப்பக்கம் இணைப்பைத் துண்டித்து, மதில் ஓரமாகப் புதுக் குழாய் போய், கார் நிற்குமிடத்தில் மட்டும் தளத்துக்கு அடியில் கடந்தது. மூன்று நாள் வேலை. சுவர் காயத் தொடங்கியதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கடி வந்தது, பேச்சும் வந்தது.

ஆனால் ஒரு மாதத்தில் பின்புறத்துக் கொய்யா மரம் இலை உதிர்க்கத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் அது யார் தண்ணீரில் வளர்ந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்டை ஒட்டிக் கான்கிரீட் இருந்ததால் மழைநீரும் உள்ளே போக வழியில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டிருக்கிறது. பொதுச் சாலைகளிலேயே அதை நிறைவேற்றப் பெரும்பாடு. ஆன்ட்டி தன் முற்றத்தில் நிறைவேற்றினார். கொய்யாவைச் சுற்றி ஒரு மீட்டருக்கு உடைத்து எருவிட்டு, அந்தப் புதுக் குழாயிலிருந்தே இரண்டு சொட்டு முனைகள் வைத்தார்கள். ஒரு கிளை போயிற்று, மற்றவை தளிர்த்தன. கசிவை அடைக்கும் எவரும் அந்தக் கசிவை நம்பி எந்த மரம் நிற்கிறது என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

புதுக் குழாய் போடுகிறவர்கள் அடுத்த 40 ஆண்டுகளுக்கு யோசித்துச் செய்தால் இந்தத் துன்பம் திரும்ப வராது. இதில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். தாஜ்மகால் தோட்டத்தில் நடைபாதைக்கு அடியில் கட்டுமானத்துக்குள்ளே குழாய்களைப் புதைத்த மொகலாயப் பொறியாளர்கள், நீரூற்றுகளை நேராகக் குழாயோடு இணைக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செப்புப் பானையை வைத்தார்கள். பானைகள் எல்லாம் நிரம்பிய பிறகே தண்ணீர் மேலே எழும். அதனால் எல்லா ஊற்றுகளும் ஒரே உயரத்தில் பீச்சின. நம் முற்றத்துக்கு அத்தனை தேவையில்லை. தளத்துக்கு அடியில் போகும் குழாயை அதைவிட இரு மடங்கு அகலமான இன்னொரு குழாய்க்குள் விட்டால் போதும். நாளைக்குக் கெட்டால் உருவிக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. ‘டீ’, ‘எல்போ’, வால்வு எல்லாம் வெளியே, மூடி போட்ட சின்னத் தொட்டிக்குள் இருக்க வேண்டும். கார் போகும் இடமானால் ஒன்றரை அடியாவது ஆழம், அடியிலும் மேலும் மணல். மூடுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். மிஸ்திரிக்கு அடுத்த வேலைக்குப் போகும் அவசரம் இருக்கும். அதற்கு மசியக்கூடாது.

வெட்டிய பட்டையில் மறுபடி கான்கிரீட் போட்டு ஒரு வாரம் ஈரம் காக்கலாம். அதைவிட, அந்தப் பட்டையில் மட்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பேவர் கற்களை மணல் மேல் பதித்துவிடுவது கெட்டிக்காரத்தனம். குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்குக் கற்களே வரைபடம். ரிப்பேர் வந்தால் நாலு கல்லைத் தூக்கினால் முடிந்தது. பேவர் வேண்டாம் என்பவர்கள், குழி திறந்திருக்கும்போதே ஓர் அளவு நாடாவை விரித்து வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும். மதிலிலிருந்து எத்தனை அடி, வால்வு எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். படம் செல்போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும்.

தோண்டி எடுத்த பழைய ஜி.ஐ. குழாய்க்கு இன்னும் ஒரு பயன் உண்டு. கபாடிவாலா எடை போட்டு எடுத்துக்கொள்வார். துருவைத் தட்டிக் கொட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார்.